தகவல் தந்தவர்

போன செவ்வாய்க்கிழமை பென்டில் ஹில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூட வேலியோரமாக நடந்துகொண்டிருந்தேன், ஒரு கையில் பச்சைமிளகாய், மற்றக் கையில் கறிவேப்பிலை, முகத்தில் அறைகிற காற்று, அப்போதுதான் கேட்டது. டிங். டிங் டிங். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கி இன்னொரு டிங். கொடிக்கம்பத்தில் கயிற்றின் கொக்கி அடிபடுகிற சத்தம். அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண் குழந்தை வண்டியை என் குதிக்காலில் இடித்துவிட்டு, அவளே சொறி என்று மன்னிப்பும் கேட்டுப் போனாள். எனக்கு நோகவில்லை. நான் அங்கே இல்லை. இந்து சமுத்திரத்தின் நடுவில் கிடக்கிற ஒரு தீவில், நான் ஒருநாளும் கால் வைக்காத மணலில் நின்றேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு நம்புகிற ஆள் நான் இல்லை. பதினாறு வயதில் ஷெல்லடிக்குள் நான் கண்ட பிணங்களில் ஒன்றுகூட எழும்பி வந்து என்னோடு பேசியதில்லை. பேசியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இருபத்தாறு வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற மனுஷன் பரா, அவரே நம்பவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், தீவின் பெயரைச் சொல்லவே போவதில்லை. ஏனென்றால் என் தொழிலே அப்படி.

நான் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர். பன்னிரண்டு வருடமாக. ஆஸ்பத்திரி, வாடகைத் தகராறு, விசா விசாரணை, எங்கெல்லாம் தமிழர் ஒருவர் ஆங்கிலத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ அங்கெல்லாம் என் குரல் போகும். உடம்பு மட்டும் பென்டில் ஹில்லில், படுக்கையறை அலுமாரிக்குள். நம்புங்கள், அலுமாரிக்குள்தான். எதிர்வீட்டு நாய் குரைக்கிறது கேட்கக்கூடாது என்பதற்காகச் சேலைகளுக்கு நடுவில் ஒரு குட்டிக் கதிரை போட்டு, கதவை இழுத்துச் சாத்தி, தலையில் ஹெட்செட்டும் மடியில் கொப்பியுமாக உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வேலைக்கு இரண்டு சட்டம். ஒன்று, கேட்டதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மற்றது, பேசுகிற ஆளாகவே பேசவேண்டும். அவர் தனக்குப் பசிக்கிறது என்றால் "அவருக்குப் பசிக்கிறதாம்" என்று சொல்லமுடியாது, எனக்குப் பசிக்கிறது என்றுதான் நான் சொல்லவேண்டும். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எனக்குப் பிள்ளை செத்திருக்கிறது, எனக்குச் சலரோகம் வந்திருக்கிறது, என்னைப் புருஷன் அடித்திருக்கிறான், எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால்.

இந்த வேலையால் வந்த ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். எந்தத் தமிழ்க் குரல் விடைபெற்றாலும் என் வாய் தன்பாட்டில் "ஓம், போட்டு வாங்கோ" என்று, போய்விட்டுத் திரும்பி வாருங்கள் என்று, சொல்லிவிடும். ஒருமுறை இங்கே ஒரு செத்தவீட்டில், புருஷனைப் பறிகொடுத்து நிற்கிற அன்ரியிடமே வாசலில் நின்று "போட்டு வாறம் அன்ரி" என்றுவிட்டேன். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுகிற வழக்கம் நம்மிடம் இல்லையே, பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும், திரும்பி வருகிற பேச்சே எடுக்கக்கூடாது. பரா என் காலை மிதித்தார். காருக்குள் ஏறியதும், "உனக்கு வாயில சுவிட்ச் வைக்க வேணும்" என்றார். அவர் எலெக்ட்ரிகல் எஞ்சினியர், அவருக்கு எல்லாம் சுவிட்ச்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், யூலை மாதம், அந்தத் தீவிலிருந்து அழைப்பு வந்தது. மத்தியானம் ஒன்றரை மணி, அங்கே காலை. முன்கூட்டியே வரைபடம் ஒன்று அனுப்பியிருந்தார்கள், இடப்பெயர்களில் நான் தடுமாறக்கூடாது என்று. நண்டுக் கொடுக்கு மாதிரி வளைந்த ஒரு மணல்கீற்று. நடுவில் களப்பு, கடல் உள்ளே புகுந்து தேங்கிய தண்ணீர். சில இடத்தில் தீவின் அகலம் ஒரு கிரிக்கெட் மைதானம்கூட வராது. ஒரு கொடுக்கு நுனியில் ஓடுபாதை, எண்ணெய்த் தாங்கிகள், இராணுவத் தளம். மற்றக் கொடுக்கில் பழைய குடியிருப்பு என்று எழுதியிருந்தது. முந்தி அங்கே தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டத்தில் வேலைசெய்த சனம் இருந்ததாம், தளம் வந்தபோது அத்தனை பேரையும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செபம் செய்த வேதக்கோயிலும் கிணறும் செத்தவர்களைப் புதைத்த சவக்காலையும் மட்டும் நிற்கிறது.

அந்தத் தீவை ஆளுகிற விதம் இருக்கிறதே, அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கிழமை பிடித்தது. நிலம் ஒரு நாட்டுடையது. தளம் இன்னொரு நாட்டுடையது, குத்தகைக்கு. ஆணையாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் எங்கோ குளிர்ப் பட்டணத்தில் ஒரு மாடியில் இருந்துகொண்டு ஆளுகிறார், தீவில் ஒரு இராத்திரி படுத்ததில்லை. சட்டப் புத்தகம் இருக்கிறது. நீதிமன்றம் இருக்கிறது, புத்தகத்தில். தபால்தலைகூட அடிக்கிறார்கள். குடிமக்கள்தான் இல்லை. நிர்வாகத்தின் சார்பில் தீவில் இருப்பது ஒரேயொரு அதிகாரி. பொலிசும் அவர், சுங்கமும் அவர், குடிவரவும் அவர், பிறப்பு இறப்புப் பதிவாளரும் அவர். ஒரே மேசை லாச்சிக்குள் நான்கு முத்திரை.

அன்றைய அழைப்பில் விசாரிக்கப்பட்ட பெடியனுக்கு நிரோசன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வவுனியாப் பக்கம். தமையன் சுதனோடு படகில் வெளிக்கிட்டு, படகு உடைந்து, கப்பல்காரர் தூக்கிக் கொண்டுவந்து இந்தத் தீவில் இறக்கி, ஓடுபாதைக்குப் பக்கத்தில் கூடாரத்தில் மாதக்கணக்காக இருக்கிறவர்களில் ஒருவன். சுதனுக்குக் கரையேறும்போதே காய்ச்சலும் இருமலும். நேராகத் தளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று பின்னேரம் கூடாரத்தில் ஆட்களை எண்ணிப் பட்டியல் போட்டார்கள். சுதன் அதில் இல்லை. தளத்துப் பட்டியலிலும் இல்லை, அவன் படைவீரன் இல்லையே. நாலு நாள் கழித்து அவனைத் தளத்து வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டபோது பட்டியல் குளிர்ப் பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்து, அடைத்துக் கையெழுத்தும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தம்பியின் சோற்றுக் கோப்பையில் பாதியைத் தின்றுகொண்டு இரண்டு மாதம் இருந்திருக்கிறான் மனுஷன். காய்ச்சல் விட்டு விட்டு வந்திருக்கிறது. ஒரு பின்னேரம், கொஞ்சம் நடந்துவிட்டு வாறன் என்று போனவன் திரும்பி வரவில்லை.

அவன் போய் ஏழு மாதம் கழித்துத்தான் இந்த விசாரணை. நிரோசன் கேட்டது ஒன்றே ஒன்று. தன் தமையன் இந்த மண்ணில் செத்துப்போனான் என்று யாராவது ஒரு கடதாசியில் எழுதித் தரவேண்டும். ஊரில் சுதனின் மனுசி கலா, மூன்று வயதுப் பெண்பிள்ளையோடு, பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் இருக்கிறாள். செத்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்ய ஐயர் செத்த திகதி கேட்கிறார். சனம் அவன் வேறெங்கோ போய் வேறு குடும்பம் எடுத்துவிட்டான் என்று கதைக்கிறது. அவளுக்கு அந்தக் கடதாசி வேண்டும்.

அதிகாரி கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். குரலில் களைப்பு. இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறவர், ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்கும். தகரக் கொள்கலன் ஒன்றுதான் அவர் வேலைசெய்கிற கந்தோர், நடுமேசையில் ஸ்பீக்கர் போன், மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நிரோசன். வெளியே இரண்டு நாட்டுக்கும் இரண்டு கொடிக்கம்பம். காற்று அடிக்கும்போதெல்லாம் கயிறு அடிபடும். டிங். டிங் டிங்.

அவர் வரைபடத்தில் நான்கு நிறம் வைத்திருந்தார். வேலிக்கு உள்ளே மஞ்சள், அங்கே செத்தால் தளத்து நாடு பார்த்துக்கொள்ளும். வேலிக்கு வெளியே, கடல் பெருகும்போது நனையாத நிலம் பச்சை, அங்கே செத்தால் மட்டும் இவர் பதியலாம். தண்ணீர் நீலம், அது ஒருவருடையதும் இல்லை. பெருக்குக்கும் வற்றுக்கும் நடுவில் நனைந்து காய்கிற மணல் கோடு போட்ட நிறம், அது இரு நாட்டுக் குழுவுக்குப் போகவேண்டும், குழு கூடுவதில்லை.

"உங்கள் சகோதரர் எந்த இடத்தில் இறந்தார்?"

"அதைத்தான் ஐயா தேடச் சொல்லிக் கேக்கிறன். பழைய குடியிருப்புப் பக்கம் எங்களை விடுறீங்கள் இல்லை."

"அந்தப் பக்கம் போக ஆணையாளரின் அனுமதி வேண்டும். அனுமதிப் படிவத்தில் இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இடத்தைச் சொன்னால் படிவத்தை அனுப்புவேன்."

"இடம் தெரிஞ்சால் நான் ஏன் தேடுறன்?"

இதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். அதிகாரி பெருமூச்சு விட்டார். பெருமூச்சை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

"அவர் இத்தீவில் இருந்ததற்கே பதிவு இல்லை. இல்லாத ஒருவர் இறக்க முடியாது."

"கூடாரத்தில இருக்கிற அவ்வளவு சனமும் கையெழுத்து வைச்சுத் தந்ததே?"

"கையெழுத்துகள் பட்டியல் ஆகாது."

இப்படியே ஒன்றேகால் மணித்தியாலம். இடத்தைச் சொன்னால் தேடலாம், தேடினால்தான் இடத்தைச் சொல்லலாம். நான் இரண்டு பக்கமும் போய் வந்து போய் வந்து, இரண்டு பேரின் சினமும் என் ஒரே வாயால் வெளியே வந்து, அலுமாரிக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன், யூலைக் குளிரில். கத்தவேண்டும் போல இருந்தது. எனக்கென்று ஒரு சொல் பேச அனுமதியில்லை.

கடைசியாக ஒருமுறை கேட்டார். "இடம் தெரியுமா, தெரியாதா?"

நிரோசன், "எனக்குத் தெரியாது" என்றான். சொன்னேன். தட்டச்சு தொடங்கியது, பிறகு நின்றது, கயிறு மட்டும் அடிபட்டது. டிங். டிங் டிங்.

அப்போது அவன் இருமினான். இருமிவிட்டுப் பேசத் தொடங்கினான். அதே குரல், அதே வவுனியாப் பேச்சு, கொஞ்சம் சளி கட்டியிருந்தது. அழுதிருப்பான் என்று நினைத்தேன். யார் பேசுவது என்று கேட்டிருக்க வேண்டும், முகம் தெரியாத தொழிலில் அதுதான் முதல் பாடம், புதுக் குரல் என்றால் நிறுத்திக் கேள். எனக்கு அது புதுக் குரலாகப் படவில்லை. பேனா ஓடியது.

"பழைய கோயில் பக்கமாத்தான் போனனான். கூரையில்லாத வேதக்கோயில். அதுக்குப் பின்னால சவக்காலை, பேர் வெட்டின கல்லுகள் சரிஞ்சு கிடக்கு. அதைத் தாண்ட ஒரு கிணறு, கட்டு உடைஞ்ச கிணறு. நல்ல தண்ணி, குடிச்சனான். கிணத்தடியில நிண்டு களப்பைப் பாத்தால் மூண்டு தென்னை விழுந்து கிடக்கும். மூண்டாவதின்ர தலைமாட்டில ஒரு மண்மேடு. காய்ச்சல் கூடிப்போச்சு, அதில படுத்திட்டன். கடல் அதில ஏறாது. வத்தினதும் பாத்தனான், பெருகினதும் பாத்தனான், எத்தினையோ தரம் பாத்திட்டன், என்ர காலுக்கு ஆறடி கீழதான் வந்து நிக்கும். ஒரு செருப்பைக் கழட்டி மேல பக்கத்து மரக் கொப்பில கொழுவி விட்டனான், ஆராவது தேடி வந்தால் தெரியட்டும் எண்டு. நீலச் செருப்பு. எழுதிப்போட்டீங்களோ?"

நான் மூச்சை இழுத்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் கோயில் பக்கமாகப் போனேன், நான் கிணற்றில் குடித்தேன், நான் படுத்தேன், கடல் என் காலுக்கு ஆறடி கீழே நிற்கும். அதிகாரியின் இரண்டு விரலும் வேகமாக ஓடின. கடைசிக் கேள்வியையும் விடாமல் கேட்டேன், எழுதிவிட்டீர்களா?

"ஆம், எழுதிவிட்டேன்" என்றார் அதிகாரி.

பிறகு கொள்கலனுக்குள் ஒரு கதிரை அரைபட்டது. நிரோசனின் குரல், இந்தமுறை சளியில்லாமல், மிகக் கிட்டத்தில்.

"அக்கா... என்னக்கா சொல்லுறியள்? ஏதோ சிலிப்பர் எண்டு இங்கிலிசில சொன்னியள். நான் இப்ப வாயே திறக்கேல்லையே."

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். கேட்டதில் ஒரு சொல்லைக் குறைக்கக்கூடாது. நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், என் வாயாலேயே. நான் வாயே திறக்கவில்லை.

தட்டச்சு நின்றது. விசாரணை அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

அலுமாரிக் கதவைத் திறந்து வெளியே வந்தால் குசினியில் பரா தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்கிறார். இரகசியம் காக்கிற சத்தியம் எல்லாம் மறந்து, நடந்ததைச் சொன்னேன். அவர் ஆற அமரச் சீனியைக் கலக்கினார்.

"சற்றலைட் லைன். ரெண்டு அழைப்பு குறொஸ் ஆகியிருக்கும்."

"குறொஸ் ஆகிற லைனில வவுனியாப் பெடியன் செருப்பு கொழுவின கதை வருமோ?"

"அப்ப நீ நித்திரை கொண்டிட்டாய். அலுமாரிக்குள்ள ஒக்சிசன் குறைவு. உந்த வேலையை விட்டுப்போட்டு ஒரு இடியப்பக் கடை போடுவம் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

கொப்பியைக் காட்டினேன். என் கையெழுத்து. கோயில், கிணறு, மூன்று கோடு, ஒரு அம்பு, செருப்பு. கொஞ்ச நேரம் பார்த்தார். "நித்திரையில எழுதியிருப்பாய்" என்றார், ஆனால் தேத்தண்ணியை ஆற விட்டுவிட்டார்.

அடுத்த கிழமை அதிகாரியிடமிருந்து முறைப்பாடு வந்தது. சொல்லாததைச் சொன்னதாக. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. எனக்கு வேலை தருகிற நிறுவனத்தில் பிரியா என்று ஒரு பிள்ளை, கோயம்புத்தூர்க்காரி, துடிப்பான பிள்ளை, என்னைக் கூப்பிட்டு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். நிரோசன் எனக்குத் தெரியாது என்கிறான். நான் சொல்கிறேன். கொஞ்சம் தட்டச்சு. பிறகு ஒன்றுமில்லை. கயிறு மட்டும்.

"பாருங்கக்கா, மூணு நிமிஷம். யாருமே பேசல. ஆபீசர் என்ன சொல்றார்னா, நீங்க நோட்ஸ் எழுதிட்டிருக்கீங்கன்னு நினைச்சு அவரு வெயிட் பண்ணாராம். அந்தப் பையனும் குனிஞ்சு உக்காந்திருந்தானாம்."

மூன்று நிமிடம் முடிய என் குரல் தொடங்கியது. ஒரு தடுமாற்றமில்லை. அவ்வளவு அழகாக நான் வேறு ஒரு நாளும் மொழிபெயர்த்ததில்லை.

"தூங்கிட்டீங்களாக்கா? உண்மையைச் சொல்லுங்க, நான் ஏதாவது பாத்து எழுதிக்கிறேன்."

"தூங்கினால் எழுதிவிட்டீர்களா என்று கேட்பேனா பிரியா?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு. நீங்க கேட்டதுக்கு அவரு ஆமான்னு பதில் சொல்றாரே." அவள் பதிவை நிறுத்தினாள். "ஃபார்ம்ல ரெண்டு பாக்ஸ்தான்க்கா இருக்கு. சேர்த்துச் சொன்னார், சேர்த்துச் சொல்லல. நான் எதுல டிக் போடட்டும்?"

என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், மீளாய்வு முடியும்வரை. மீளாய்வு எப்போது முடியும் என்று கேட்டால், அதற்கு ஒரு குழு இருக்கிறதாம், அது இன்னும் கூடவில்லையாம். அலுமாரிக்குள் போய் ஹெட்செட் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன் சில நாள். சேலைகள் என் தோளில் இடித்தன. ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது தொழில் போனதற்கு இல்லை. அந்தப் பெடியனுக்கு நான் கெடுதல் செய்துவிட்டேன் என்று. இனி யார் அவன் பேச்சை நம்புவார்கள்? கலாவின் கடதாசியை நான்தான் கிழித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

செப்டெம்பர் கடைசியில் பிரியா போன் செய்தாள். "அக்கா, அந்தத் தீவு ஆபீசர் உங்க நம்பர் சொல்லிக் கேக்கறார். நீங்கதான் வேணுமாம், வேற யாரும் வேண்டாமாம். கம்ப்ளெயின்ட்டையும் வாபஸ் வாங்கிட்டார். ஏன்னு சொல்ல மாட்டேங்கறார்."

ஒரு பத்திரத்தை நிரோசனுக்கு வாசித்துச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை. அழைப்புக்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் பத்திரம் திரைக்கு வந்தது. திறந்தேன். இறப்புப் பதிவு. அந்தத் தீவின் பழைய சனத்தைக் கப்பலேற்றிய நாளிலிருந்து எழுதாமல் கிடந்த புத்தகத்தில், அவர்களுடைய கடைசிச் சாவுக்கு அடுத்த எண். பெயர், சுதனின் பெயர். இடம், பழைய குடியிருப்புக் கிணற்றுக்குக் கிழக்கே, மூன்றாவது விழுந்த தென்னையடி, பெருக்குக் கோட்டுக்கு ஆறடி மேலே. பச்சை நிறம்.

அதற்குக் கீழே ஒரு கட்டம். தகவல் தந்தவர். அதில் ஒரு மொழிபெயர்ப்பாளர் எண் இருந்தது. என் எண்.

நடந்தது இவ்வளவுதான். இடம் என்ற கட்டம் நிரம்பிவிட்டதால் படிவத்தை அனுப்பியிருக்கிறார் அதிகாரி. கட்டம் நிரம்பிய படிவத்துக்கு ஆணையாளரும் கையெழுத்து வைத்துவிட்டார், யார் நிரப்பியது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அனுமதி கிடைத்து, நிரோசனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கொப்பில் செருப்புத் தொங்கிக்கொண்டிருந்ததாம். நீலம். அதற்குக் கீழே கிடந்ததை நான் எழுதவில்லை.

அழைப்பு இணைந்ததும், என் தொழிலில் முதல்முறையாக, எனக்காக ஒரு கேள்வி கேட்க அனுமதி கேட்டேன். என்னை ஏன் தகவல் தந்தவர் என்று எழுதினீர்கள்?

"சட்டப்படி ஒருவர் தகவல் தரவேண்டும்" என்றார் அவர். "இவர் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. ஒலிப்பதிவில் இருப்பது உங்கள் குரல். வேறு யாரை எழுதுவது?"

"நான் உங்கள் தீவைக் கண்டதே இல்லையே."

"அதற்குக் கட்டம் இல்லை. ஆணையாளரும் கண்டதில்லை."

சிரித்தாரா என்று தெரியவில்லை. வெளியே கயிறு அடிபட்டது. நான் பத்திரத்தை ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் வாசித்தேன், என் எண்ணையும் சேர்த்து. அடுத்த நாள் நிரோசனை வேறொரு நாட்டுக்கு ஏற்றுகிறார்கள், கடதாசியின் பிரதி கலாவுக்குப் போய்விட்டது.

"அக்காவிட்ட ஒண்டு கேக்கலாமோ?" என்றான். கேள்வியை ஆங்கிலத்தில் போட்டேன். அதிகாரி, கேட்கட்டும் என்றார்.

"அண்டைக்குக் கேட்ட குரல் எப்பிடியக்கா இருந்தது?"

"உங்கட குரல் மாதிரித்தான் தம்பி. சளி கட்டியிருந்தது. பேச முதல் இருமினவர்."

அவன் மூக்கை உறிஞ்சினான். "அவன் எப்பவும் அப்பிடித்தான். இருமிப்போட்டுத்தான் கதை துவங்குவான்" என்றான். "நன்றியக்கா."

அதிகாரியும் நன்றி சொன்னார், போனை வைத்தார். திரையில் அழைப்பு முடிந்தது என்று வந்தது. பரா இதைத்தான் நம்பமாட்டேன் என்கிறார், நீங்களும் இங்கேதான் எழும்பிப் போவீர்கள். திரையில் முடிந்தது என்று எழுதியிருக்க, ஹெட்செட்டுக்குள் டிங் என்றது. டிங் டிங்.

முதலில் சொன்னேனே, போன செவ்வாய்க்கிழமை, அன்று வீட்டுக்கு வந்து பச்சைமிளகாயைக் கழுவும்போதுதான் எனக்கு நினைவு வந்தது, அந்தப் பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பம் இல்லை. புதுக் கட்டடம் கட்டுகிறார்கள் என்று தை மாதமே பிடுங்கி, வேலியோரம் படுக்கப் போட்டிருந்தது, பிறகு அதையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். கம்பம் நின்ற இடத்தில் சீமெந்துக் குழி மட்டும். பரா, பக்கத்து யார்டில் ஏதாவது படகு நிற்கும், அதன் பாய்மரக் கயிறு அடிபட்டிருக்கும் என்றார். கடலே இல்லாத பென்டில் ஹில்லில் படகு.

சத்தத்தை நான் குறை சொல்லவில்லை. பிழை என் வாயில். அந்தக் கடைசி அழைப்பு முடிந்த அன்றைக்கு ஹெட்செட்டைக் கழற்றக் கையைத் தூக்கினேன், கயிற்றுச் சத்தத்துக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். கை அப்படியே நின்றது.

"எழுதிப்போட்டீங்கள் என்ன. நல்லதக்கா. அப்ப நான் வாறன்."

அத்தனை வருடப் பழக்கம், யோசிக்க முதல் வாய் முந்திவிட்டது.

"ஓம் தம்பி, போட்டு வாங்கோ."